ஆவூர் சாலையும் எருசலேம் பேருந்தும்

வல்லத்திராக்கோட்டையை நடுவில் வைத்துப் புதுக்கோட்டை வட்டாரத்தின் வரைபடத்தைப் பார்த்தால், கிறிஸ்தவத் திருத்தலங்களுக்குப் போகும் வழிகள் பல திசைகளிலும் பிரிவதைக் காணலாம். வடமேற்கே, திருச்சி மாவட்டத்தை ஒட்டி ஆவூர். அறந்தாங்கி தாண்டித் தெற்கே போனால் இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர். வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி. வடகிழக்கே கடலோரம் வேளாங்கண்ணி. இவை எல்லாவற்றுக்கும் பங்கு மக்கள் வேன் பிடித்தோ, பேருந்திலோ, நடந்தோ போகிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் இந்தப் பட்டியலில் எருசலேமும் சேர்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்து, மாதக்கணக்கில் பணம் சேர்த்து, ஒரு குருவையோ போதகரையோ முன்னிட்டுக் குழுவாகப் போய்வருவது இன்று சிறு ஊர்களிலும் பேசப்படும் செய்தி.

அருகிலுள்ள தலத்துக்கு நேர்ச்சையோடு போவதும், புனித பூமிக்குப் பத்து நாள் பயணம் போவதும் ஒரே செயலின் இரு வடிவங்களா? தலத்தின் மதிப்பு அதன் பழமையிலிருந்து வருகிறதா, கூடிப் போகும் மக்களிடமிருந்து வருகிறதா? இறையியலாரும் மானிடவியலாரும் அரசும் இதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்று: பழமை ஒரு தலத்துக்குச் சான்று தரலாம், அதை உயிரோடு வைத்திருப்பது கூடி வரும் சனம். இது ஆவூருக்குப் பொருந்தும் அளவுக்கு எருசலேமுக்கும் பொருந்தும்.

போகத்தான் வேண்டுமா? ஒரு பழைய வழக்கு

புனித பூமிக்குக் கூட்டமாகப் போகும் வழக்கம் 4ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலெனா அங்கே பயணம் போனார். எருசலேமில் இயேசுவின் கல்லறை ஆலயம் 335இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 333இல், இன்றைய பிரான்சின் போர்தோவிலிருந்து வந்த ஒருவர் வழியில் எங்கெங்கே தங்கினோம், ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று குறித்து வைத்திருக்கிறார். அந்த நூற்றாண்டின் இறுதியில் எஜேரியா என்ற பெண் சீனாய் மலை ஏறி, எருசலேமில் தவக்காலமும் பாஸ்கா வாரமும் எப்படிக் கொண்டாடப்பட்டன என்பதை ஊரிலுள்ள தம் சகோதரிகளுக்கு எழுதினார். அந்தக் குறிப்புகளின் கையெழுத்துப் பிரதி 1884இல்தான் இத்தாலியில் கிடைத்தது. தலத்தில் நின்று அதற்குரிய வேதபகுதியை வாசிப்பது, செபிப்பது, அடுத்த இடத்துக்கு நகர்வது என்று அவர் விவரிக்கும் முறையையே இன்றைய சுற்றுலாக் குழுவும் அப்படியே பின்பற்றுகிறது.

எதிர்ப்பும் அதே காலத்தில் எழுந்தது. நீசாவின் கிரகோரியார், எருசலேமுக்குப் போகும்படி ஆண்டவர் யாருக்கும் கட்டளையிடவில்லை என்றார். வழிப்பயணத்தில், குறிப்பாகப் பெண்களுக்கு, நேரும் சிக்கல்களைச் சுட்டினார். 386இலிருந்து பெத்லகேமிலேயே வாழ்ந்த எரோணிமுஸ்கூட, விண்ணகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே தொலைவில்தான் என்று ஒரு நண்பருக்கு எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் திருயாத்திரைகளைக் கடுமையாகக் கண்டித்தார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வழியாக அந்த மரபு தமிழகத்துக்கும் வந்தது. நேர்ச்சை, சுரூபம், தேர் ஆகியவற்றிலிருந்து தமிழ்ச் சீர்திருத்த சபையார் விலகி நிற்பதன் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைக்கத் தயங்கும் சபைகளே இன்று எருசலேம் பயணத்தை ஆர்வத்தோடு ஏற்பாடு செய்கின்றன. புனிதரின் கல்லறையைத் தேடிப் போவதாக அவர்கள் அதைக் கருதுவதில்லை. வேதத்தில் படித்த இடத்தைக் கண்ணால் காண்பதாகவே கருதுகிறார்கள். எருசலேம் பேருந்தில் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் லூத்தரன்களும் பெந்தெகொஸ்தேயினரும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர முடிவது இதனால்தான். ஆவூர் வேனில் அது அரிது.

மயிலாப்பூர் மண், ஓரியூர் மண்

தமிழ்நாட்டில் வெளியுலகம் அறிந்த மிகப் பழைய கிறிஸ்தவத் தலம் மயிலாப்பூர். புனித தோமையார் இந்தியாவில் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பெரிய ஆலயமும் மடமும் இருப்பதாக, அங்கே போய் வந்த தியடோர் என்பவர் சொல்லக் கேட்டு, 6ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்துக் கிரகோரியார் எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ தரும் செய்தி இன்னும் துல்லியம். கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் வருகிறார்கள். அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கலந்து காய்ச்சல்காரருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்கிறார் அவர். போர்த்துகீசியர் வருவதற்கு இரு நூற்றாண்டு முன்பே நேர்ச்சை, மண், பல மத மக்களின் வருகை மூன்றும் இங்கே சேர்ந்திருந்தன.

அதே காட்சி நான்கு நூற்றாண்டு கழித்து மறவர் நாட்டில் மறுபடி நடக்கிறது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரித்தோ, மதுரை மிஷனில் சேர்ந்து, காவி உடுத்தி, அருளானந்தராகப் பணி செய்தார். மறவர் குலத்துத் தடியத் தேவர் மனம் மாறித் தம் மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்தது அரண்மனைக் கோபமாக முற்றியது. 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று, ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1853இல் அருளாளராகவும் 1947 ஜூன் 22இல் புனிதராகவும் உரோமை அறிவித்தது. மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் இரத்தம் படிந்ததாக நம்பப்படும் செம்மண்ணை அள்ளிப்போவதும், பிள்ளை வரம் கேட்பதும், மொட்டை போடுவதும், ஆடு வெட்டிச் சமைத்து ஊரோடு பகிர்ந்து உண்பதும் மக்கள் தாங்களாக வளர்த்த வழிபாடுகள்.

ஓரியூரை நெடுங்காலம் ஆராய்ந்த செல்வா ராஜ், இந்த நேர்ச்சைச் சடங்குகளில் கத்தோலிக்கரும் இந்துக்களும் ஒரே இடத்தில் ஒரே முறையில் பங்கேற்பதையும், இவற்றை நடத்துவோர் குருக்கள் அல்லர், பொதுநிலையினர் என்பதையும் காட்டியிருக்கிறார். பீடத்தில் நடக்கும் திருப்பலி ஒருபுறம், பொட்டலில் நடக்கும் நேர்ச்சை ஒருபுறம் என ஒரே திருவிழா இரண்டு மையங்களோடு நடக்கிறது. திருச்சபை இதை முழுதாக ஏற்றதுமில்லை, தடுத்ததுமில்லை.

ஆவூர்: ஒரு தேதியின் கதை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பழந்தலம் ஆவூர். பிரெஞ்சு சேசுசபைக் குரு வெனான்சியுஸ் பூசே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆலயம் எழுப்பினார். இப்போதுள்ள ஆலயம் 1747இல் வந்தது. வீரமாமுனிவர் இங்கும் பணிபுரிந்தார். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகமும் தேர்ப்பவனியும் சுற்றுப்பட்டு ஊர்களை இன்றும் இழுக்கின்றன.

சுற்றுலாக் குறிப்புகள் சிலவற்றில் பழைய ஆலயத்தின் ஆண்டு 1547 என்று அச்சாகிவருகிறது. பூசே பிறந்தது 1655. மதுரை மிஷனை இராபர்ட் தெ நொபிலி தொடங்கியதே 1606இல்தான். ஓர் எண் மாறியதால் ஆலயத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது கூடிவிட்டது. அதை யாரும் திருத்தவில்லை. பழமை கூடினால் பெருமை கூடும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கும்வரை இப்படிப்பட்ட பிழைகளுக்கு ஆயுள் கெட்டி. ஆவூருக்கு அந்தக் கூடுதல் வயது தேவையே இல்லை. திருச்சி, தஞ்சை, மதுரை, தொண்டைமான் படைகள் மாறிமாறிக் கடந்துபோன நிலத்தில், மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் விடாமல் வந்துகொண்டிருப்பதே அதன் வரலாறு.

புனித பூமியின் சான்றுகள்

எருசலேமிலும் தேதிகள் அவ்வளவு எளிதாக இல்லை. கல்லறை ஆலயத்தில் 2016இல் சீரமைப்பு நடந்தபோது, கல்லறையின் பளிங்குப் பலகைக்கு அடியில் எடுத்த சுண்ணாம்புச் சாந்து ஏறக்குறைய கி.பி. 345ஐச் சேர்ந்தது என்று தெரியவந்தது. 4ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடம் வணங்கப்பட்டது என்பதற்கு அது உறுதி தருகிறது. இயேசு அடக்கம் செய்யப்பட்ட இடம் அதுதானா என்பதற்கு அறிவியல் விடை அதில் இல்லை. சீர்திருத்த சபையார் விரும்பிப் போகும் தோட்டக் கல்லறை, 1883இல் ஆங்கிலேயத் தளபதி கார்டனால் பிரபலமானது. அது இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கல்லறை என்பது தொல்லியலாளர் கபிரியேல் பார்க்காயின் முடிவு. ஆயினும் அமைதியான அந்தத் தோட்டத்தில் அப்பம் பிட்கும் குழுக்கள் குறையவில்லை.

சிலுவைப்பாதையின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. எருசலேமின் நெரிசலான தெருக்களில் இன்று பயணிகள் நடக்கும் 14 நிலைகள், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அப்படியே உறைந்தவை அல்ல. ஊருக்குத் திரும்பிய பயணிகளும் பிரான்சிஸ்கன் சபையினரும் ஐரோப்பாவில் வளர்த்த பக்தி முயற்சியில்தான் நிலைகளின் எண்ணிக்கை 14 என்று நிலைபெற்றது. 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் அதை உறுதிசெய்தார். பிறகு எருசலேம் தன் தெருக்களை அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் கிளைப்பங்குச் சிற்றாலயத்தில் 14 படங்களின் முன் முழந்தாளிடும் மூதாட்டி, எருசலேமைப் போலச் செய்கிறார் என்பது பாதி உண்மைதான். அவரைப் போன்றவர்களின் செபம்தான் எருசலேமின் பாதையை வடித்தது.

தமிழ் இலக்கியமும் இந்தத் திசையில் வெகுதூரம் போயிருக்கிறது. 1726இல் வீரமாமுனிவர் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரின் நாடு நெல் விளையும் மருத நிலமாக வருகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடி, குறத்தியையும் சிங்கனையும் பெத்லகேமுக்கே அனுப்பினார். விமானம் ஏறும் வாய்ப்பு வருவதற்கு வெகு முன்பே தமிழ்க் கிறிஸ்தவர்கள் புனித பூமியைத் தம் நிலத்தில் வைத்துக் கண்டிருந்தார்கள். அதனால்தான் வறண்ட யூதேயா மலைகளையும் ஒல்லியாக ஓடும் யோர்தானையும் நேரில் கண்டவர்களில் சிலர் சற்றுத் திகைக்கிறார்கள்.

குழு என்றால் யார்?

திருயாத்திரை ஆய்வுக்கு அடித்தளமிட்ட விக்டர் டர்னர், எடித் டர்னர் இணையரின் 1978ஆம் ஆண்டு நூல், பயணத்தில் பதவி, அந்தஸ்து, வரிசை எல்லாம் தற்காலிகமாகக் கரைந்து எல்லோரும் சமமாகும் உணர்வு பிறக்கிறது என்றது. 1991இல் ஜான் ஈட், மைக்கேல் சால்நோ இருவரும் தொகுத்த நூல் இதை மறுத்தது. ஒரே தலத்துக்கு வரும் ஒவ்வொரு கூட்டமும் தன் பொருளைத் தானே கொண்டுவருகிறது. திருத்தலம் ஒற்றுமையின் இடமாக இருக்கும் அளவுக்குப் போட்டியின் களமாகவும் இருக்கிறது என்றது. அந்த நூலில் கிளென் பௌமன், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, சீர்திருத்தக் குழுக்கள் ஒரே எருசலேமில் மூன்று வேறு நகரங்களைக் காண்பதை விவரித்தார்.

தமிழ்நாட்டுச் சான்றுகள் இரு பக்கமும் பேசுகின்றன. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி, மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு, இரவெல்லாம் நடந்து போகும் கூட்டத்துக்கு வழிநெடுகக் கஞ்சியும் மோரும் கொடுப்பவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. மணற்பாதையில் முழந்தாளிட்டு நகர்வோரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. டர்னர்கள் சொன்னது இங்கே நடக்கிறது.

ஆனால் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாக வரும், வடம் பிடிப்பது யார் என்ற கேள்விகளில் சாதி தலைதூக்கியதற்கும் வரலாறு உண்டு. சூசன் பெய்லியின் 1989ஆம் ஆண்டு நூலும், இராமநாதபுரம் பகுதிக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த டேவிட் மோஸின் 2012ஆம் ஆண்டு நூலும் இதை விரிவாகப் பேசுகின்றன. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. நடைப்பயணக் குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாக, உறவுவாரியாகத்தான் சேர்கின்றன. தெருவுக்குள் சாதி இருக்கிறபோது குழுவுக்குள் எப்படி இல்லாமல் போகும்?

எருசலேம் குழுவில் சாதிக்குப் பதிலாகப் பணம் வடிகட்டுகிறது. பெத்லகேம், நாசரேத்து, கலிலேயக் கடல், யோர்தான், சீனாய் என்று பத்து நாளில் முடிக்கும் பயணத்துக்குத் தலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. கானாவில் தம்பதியர் திருமண வாக்குறுதியைப் புதுப்பிப்பதும், யோர்தானில் வெள்ளங்கி உடுத்தி முழுகுவதும் குழுவை நெருக்கமாக்கும் தருணங்கள். ஆனால் மணி பார்த்து நகரும் பேருந்தில், நேர்ச்சைக்காரருக்கு வேண்டிய நேரம் கிடைப்பதில்லை. ஓரியூரில் ஒருவர் தம் குறையைச் சொல்லி அரைநாள் மண்ணில் உட்கார்ந்திருக்கலாம். கல்லறை ஆலயத்தில் வரிசையில் நின்று உள்ளே போனால், உடனே வெளியே வரச் சொல்லிவிடுவார்கள்.

அரசு வந்து சேர்ந்தபோது

2011ஆம் ஆண்டு தமிழக அரசு எருசலேம் பயணத்துக்கு நிதியுதவி அறிவித்தது. அனைத்துப் பிரிவுக் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான இத்திட்டம் தலைக்கு 20,000 ரூபாயில் தொடங்கியது. பின்னர் அது 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்ந்தது. வழிப்பயணத்தில் பெண்களுக்கு ஆபத்து என்று நீசாவின் கிரகோரியார் தயங்கிய விஷயத்தில், பதினாறு நூற்றாண்டு கழித்து ஓர் அரசு பெண் துறவியருக்குத் தனி இடம் ஒதுக்குகிறது. மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போகும் இந்துக்களுக்கும் இதே போன்ற உதவி அறிவிக்கப்பட்டதால், ஒரு மதத்துக்கு மட்டும் சலுகை என்ற பேச்சு எடுபடவில்லை.

சட்டக் கேள்வி இருக்கவே செய்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்க வரி கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 27ஆம் பிரிவு. ஹஜ் மானியத்தை எதிர்த்த பிரபுல் கொராடியா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், வரிப்பணத்தின் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் அந்தப் பிரிவு மீறப்படும் என்றது. அடுத்த ஆண்டே, ஹஜ் மானியத்தைப் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. 2018இல் ஒன்றிய அரசு அதை நிறுத்திவிட்டது. ஆகவே மாநில உதவி சட்டப்படி நிற்கும். அது நல்ல செலவுதானா என்பது வேறு கேள்வி. மீதிப் பணத்தைப் புரட்ட முடிந்தவருக்கே இந்த உதவி எட்டுகிறது. கொரோனாவும், 2023 அக்டோபரில் தொடங்கிய காசா போரும் இந்தப் பயணம் எவ்வளவு எளிதில் நின்றுபோகும் என்பதையும் காட்டின.

அரசுகள் யாத்திரைக்கு வேறு விதமாகவும் உதவலாம் என்பதற்குக் கச்சத்தீவு எடுத்துக்காட்டு. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலேயே, இந்திய மீனவரும் பயணிகளும் விசா இல்லாமல் அங்கே வந்துபோகலாம் என்று எழுதப்பட்டது. இலங்கைப் போர்க்காலத்தில் நின்றிருந்த அந்தோணியார் திருவிழா, போர் ஓய்ந்தபின் மறுபடி தொடங்கியது. இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் இரண்டு நாள் ஒரே கரையில் கட்டிக்கிடக்கின்றன. கடலில் வலைக்காக மோதிக்கொள்ளும் இரு தரப்பு மீனவரும் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். அங்கே தலைக்கு மானியம் எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. வழி திறந்திருந்தால் போதுமாக இருந்தது. அந்தத் தீவில் வணங்கப்படும் பழம்பொருளும் இல்லை. ஆலயம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கூடி வருவோர்தான் அதன் முழு மகிமை.

என்ன செய்யலாம்

எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எரோணிமுஸே சொல்லிப் பார்த்து, தாம் மட்டும் அங்கே இருந்துகொண்டார். ஆனால் நிதியும் கவனமும் ஒரே திசையில் போவதை மறுபரிசீலனை செய்யலாம். ஓரியூருக்கும் ஆவூருக்கும் நடந்துபோகும் வழியில் நிழல், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை, இரவில் சாலை விளக்கு ஆகியவை இருந்தால் நூறு எருசலேம் பயணிகளுக்கான உதவித்தொகையில் பல ஆயிரம் பேர் பயனடைவார்கள். அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இருப்பார்கள்.

திருச்சபைக்கும் ஆய்வாளர்க்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. எஜேரியா வழியில் கண்டதை எழுதி வைத்ததால் 4ஆம் நூற்றாண்டின் எருசலேம் நமக்குத் தெரிகிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் மாட்டு வண்டி கட்டி ஆவூருக்குப் போனவர்கள், தலைச்சுமையாக அரிசி கொண்டுபோய் ஓரியூரில் பொங்கிப் பகிர்ந்தவர்கள் இன்னும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். எந்த ஊரில் தங்கினார்கள், எந்தப் பாட்டைப் பாடினார்கள், யார் வீட்டில் தண்ணீர் கிடைத்தது, யார் வீட்டில் மறுத்தார்கள் என்பதை எழுதும் பங்கேடு எங்கும் இல்லை. திருமுழுக்குப் பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு பங்கும் ஒரு யாத்திரைப் பதிவேடும் தொடங்கலாம். அதில் சாதியும் சண்டையும் மறைக்கப்படாமல் இருக்கவேண்டும். ஆவூரின் 1547ஐ 1690களுக்குத் திருத்துவது அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்துக்குப் பொருத்தமான வேலை. ஒரு தலத்துக்கு இல்லாத வயதைக் கொடுப்பது, அதை உண்மையில் கட்டி வளர்த்தவர்களின் காலத்தை அழிப்பதுதான்.